பழைய காரில் ரேடியோ பாட வேண்டுமா? ரேடியோவைக் கடைசியில் தொடுங்கள்

பொள்ளாச்சித் தோப்புகளிலும், கோபி, தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளிலும் தார்ப்பாய் மூடிக் கிடந்த அம்பாசிடர், பியட், ஹெரால்டு வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்கியவர் செய்யும் முதல் வேலை, ஒரு புது பேட்டரியை வைத்து ரேடியோ பாடுகிறதா என்று திருகிப் பார்ப்பது. நாற்பது ஐம்பது வருடம் தப்பிப் பிழைத்திருந்த டிரான்ஸ்பார்மரோ டிரான்சிஸ்டரோ அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். அதற்கு மாற்று தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

முதலில் காகிதம், பிறகு எர்த் (பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு), வயரிங், டைனமோ (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரியை ஏற்றுவது). இவை அத்தனையும் முடிந்து பேட்டரியில் வோல்டேஜ் நிலையாக நின்ற பிறகுதான் ரேடியோவுக்குக் கரண்ட். இந்த வரிசையை மாற்றினால் செலவு இரண்டு மடங்காகும்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் விவரம் வருகிறதா என்று பாருங்கள். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகங்களில் பல கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கும். அதை ஏற்றுவதற்கு 'பேக்லாக் என்ட்ரி' என்று பெயர். அது நடக்காமல் பேர் மாற்றமும் இல்லை, புதுப்பித்தலும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய வேலை என்பதால் முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

பேர் மாற்ற படிவம் 29, படிவம் 30, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, சேசிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் வேண்டும். வேறு ஆர்.டி.ஓ. எல்லையில் பதிவான வண்டி என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. தாத்தா பேரிலேயே நின்றுபோன வண்டிகள் நம் பக்கம் அதிகம். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வாரிசுகளில் ஒருவர் வெளியூரில் இருந்தாலும் அவர் கையெழுத்தை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வண்டிக்குப் பணத்தைக் கொட்டியபின் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

புதுப்பித்தல் படிவம் 25-இல். கிடைத்தால் 5 ஆண்டு செல்லும். ஆய்வாளர் ஹெட்லைட், டிம்-டிப், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பார். ஆகவே பேர் மாற்றம் இப்போது, புதுப்பித்தல் வயரிங் முடிந்த பின் என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு இன்னொரு வழி, 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு. படிவம் 20-இல் விண்ணப்பம், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவைக்கு 'விஏ' வரிசை. சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆனால் விண்டேஜ் பதிவில் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆழியாறு போக நினைப்பவருக்கு இது ஒத்துவராது. சாதாரணப் புதுப்பித்தலே நல்லது.

2. பணம், நாள், கடை

மல்டிமீட்டருக்கு 1,000, பேட்டரிக்கு 5,000, வயர், லக், ஸ்லீவ், பியூஸ், ரிலே வகைக்கு 6,000, டைனமோ வைண்டிங்குக்கு 5,000, ரேடியோவின் கண்டன்சர்களுக்கும் சில்லறைச் சாமானுக்கும் 2,000, ஏரியலுக்கும் அதன் கேபிளுக்கும் 1,000. இவ்வளவு ஒதுக்கி, மேலே ஒரு 5,000 கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. கட்டணம் இதில் சேரவில்லை. வேலையை நீங்களே செய்தால்தான் இந்தக் கணக்கு. ரேடியோவின் கண்ணாடி வால்வு போயிருந்தால் தனிச் செலவு.

நாள் என்றால், வார இறுதியில் மட்டும் செய்பவருக்கு வயரிங் நான்கு வாரம், ரேடியோ மூன்று வாரம். வைண்டிங் கடையில் ஒரு வாரம் என்பார்கள், இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் கொடுக்கவே வேண்டாம். போர்வெல் மோட்டார் எரிந்து வரிசையாக வந்து நிற்கிற நேரத்தில் கடைக்காரர் உங்கள் டைனமோவை மேசைக்கடியில் தள்ளிவிடுவார். ஐப்பசி மழையில் கொடுத்தால் நிதானமாகப் பார்த்துக் கட்டித் தருவார்.

எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்குக் கோவை காந்திபுரம், பழைய ஸ்பேருக்கு உக்கடம். கனமான பேட்டரி கேபிளும் பித்தளை லக்கும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிக் கடைகளில் நல்ல தரத்தில் கிடைக்கும். ஒன்றில் மட்டும் கவனம். லாரிக் கடையில் கையில் வருவது 24 வோல்ட் ரிலே, 24 வோல்ட் பல்பு. 12 வோல்ட் வண்டியில் அந்த ரிலே இழுக்காது, பல்பு மங்கலாக எரியும். நீங்கள் வயரிங்கில் கோளாறு என்று இரண்டு நாள் தேடுவீர்கள். வாங்கும்போதே மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள்.

3. எது எர்த், எத்தனை வோல்ட்

இதைத் தப்பாக எடுத்தால் பின்னால் செய்வதெல்லாம் தப்பு.

மோரிஸ், ஆஸ்டின், ஹெரால்டு, டைனமோ வைத்த பழைய அம்பாசிடர் போன்ற பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேரும். பியட் 1100 நெகட்டிவ் எர்த். பழைய வில்லிஸ் ஜீப்பும் பழைய பீட்டிலும் 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். ஆனால் வண்டியின் பேரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், பாதி மாற்றி விட்டுமிருக்கலாம்.

இக்னிஷன் காயிலைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர் காயிலின் பாசிட்டிவ் முனையில் இருந்தால் வண்டி பாசிட்டிவ் எர்த்துக்குக் கட்டியது, நெகட்டிவ் முனையில் இருந்தால் நெகட்டிவ் எர்த். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய காயிலில் குறி இருக்காது, எஸ்.டபிள்யூ. (சாவிப் பக்கம்), சி.பி. (டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம்) என்ற எழுத்துதான். அப்போது பேட்டரி கிளாம்ப்களைப் பாருங்கள். பாசிட்டிவ் கிளாம்பின் ஓட்டை சற்றுப் பெரிது. ரேடியோவின் அடித்தகட்டில் இருக்கும் சீட்டையும் படித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் தைரியமாக மேலே போகலாம். ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் கை வைத்திருக்கிறார்கள், டைனமோவின் துருவத்தையும் சோதிக்க வேண்டும்.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றச் சொல்லி ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் வற்புறுத்துவார்கள். "இப்பெல்லாம் அப்படித்தானுங்க, பேட்டரியத் திருப்பி வெச்சாப் போதும்" என்பார்கள். போதாது. காயில் வயர் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பார்க் பலவீனமாகும். அம்மீட்டர் வயரை மாற்ற வேண்டும். டைனமோவைப் புதிய துருவத்துக்குப் பழக்க வேண்டும். ரேடியோ நிலை இன்னும் மோசம், அதைக் கீழே சொல்கிறேன். அசல் ரேடியோவை வைத்துக்கொள்வதாக இருந்தால் வண்டியின் அசல் துருவத்திலேயே விட்டுவிடுங்கள் என்பதே என் தீர்மானமான கருத்து. ஒரு சிவப்புத் தகட்டில் 'பாசிட்டிவ் எர்த்' என்று எழுதி பேட்டரி பக்கத்தில் கட்டிவிட்டால், ரோட்டில் ஜம்ப் கொடுக்க வருபவர் தப்பாக மாட்ட மாட்டார்.

4. எர்த்

பழைய வண்டியில் 'எலக்ட்ரிகல் கம்ப்ளைன்ட்' என்று வருவதில் பெரும்பகுதி எர்த் கோளாறு. பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று என இரண்டு கேபிளையும் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தைப் பெயின்ட் போக இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். இறுக்கிய பின் மேலே வாசலின் தடவுங்கள். முதலிலேயே தடவிவிட்டு இறுக்குவது தவறு.

கேபிள் மாற்றுவதானால் வெல்டிங் கேபிளே அருமையாகப் பொருந்தும். வளையும், பழைய கறுப்பு உறைபோலவே தோன்றும். 12 வோல்ட்டுக்கு 35 சதுர மில்லிமீட்டர், 6 வோல்ட்டுக்கு 50. 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடுகிறது. 12 வோல்ட் வண்டியின் கேபிளைப் போட்டால் செல்ஃப் முனகும், பழி பேட்டரி மேல் விழும்.

சோதனை: ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் போஸ்ட்டிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியில்லை.

5. வயரிங்: ஒட்டா, முழு மாற்றமா

துணி உறை போட்ட வயரை ஓர் இடத்தில் விரலில் சுற்றிப் பாருங்கள். உள்ளே ரப்பர் மொறுமொறுவென்று உடைந்து கறுப்புப் பொடியாக உதிர்ந்தால் பேச்சே இல்லை, முழுவதும் மாற்ற வேண்டும். பி.வி.சி. வயர் என்றால் டேஷ்போர்டுக்குள்ளும் சீட்டுக்கடியிலும் எலி கடித்த இடத்தைத் தேடிப் பார்த்து, அந்த நீளத்தை மட்டும் மாற்றினால் போதும். முறுக்கி டேப் சுற்றும் ஒட்டு ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள். வெயிலில் டேப் பசை உருகி நழுவும், மேலே இரண்டு வயர் உரசும்.

பழையதை வெட்டி எறியும் முன் ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் கட்டி, படம் எடுத்து, வயரிங் கிட்டை (எல்லா வயரும் சேர்த்துக் கட்டிய கொத்து) முழுசாக வெளியே எடுத்துத் தரையில் விரியுங்கள். புது வயரை அதன் மேலேயே வைத்து அளந்து வெட்டலாம். லூகாஸ் நிற வழக்கத்தை மாற்றாதீர்கள்: பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி போட்டபின் வருவது, பச்சை அதே சாவிக் கரண்ட் பியூஸ் தாண்டி, ஊதா சாவியில்லாமலே பியூஸ் வழியாக. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங்கும் டெயிலும், கறுப்பு எர்த். நாளைக்கு வேறொருவர் பிரித்தாலும் புரியும்.

கனம்: டைனமோவிலிருந்து கட்அவுட் (டைனமோ போதிய வோல்டேஜ் தரும்போது மட்டும் அதை பேட்டரியோடு சேர்க்கும் சுவிட்ச்) வழியாக பேட்டரிக்குப் போகும் முக்கிய வயர் 65/0.30, ஹெட்லைட் 28/0.30, மற்ற விளக்குகள் 14/0.30. முதல் எண் இழை எத்தனை, இரண்டாவது ஒரு இழை எத்தனை மில்லிமீட்டர் என்பது. வீட்டு வயரிங்குக்கு விற்கும் வயரை வாங்காதீர்கள். பானெட்டுக்கடியில் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அது தாங்காது. தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் கிராமெட் இருக்கட்டும்.

கண்ணாடி பியூஸில் ஒரு பெரிய வலை இருக்கிறது. பழைய லூகாஸ் 35 ஆம்பியர் பியூஸ் என்பது 35-இல் உருகுவது, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று கடையில் 35 என்று விற்பது 35-ஐத் தொடர்ந்து தாங்கும், வயர் எரிந்த பிறகும் பியூஸ் அப்படியே இருக்கும். 15 ஆம்பியர் போடுங்கள்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது பேட்டரியின் எர்த் இல்லாத முனைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பைச் சீரிஸில் மாட்டுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க பல்பு துளியும் எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ பாடியில் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பியூஸாகக் கழற்றினால் எந்தப் பாதை என்று தெரிந்துவிடும்.

ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் பழைய சுவிட்ச் பிழைக்கும், வெளிச்சமும் கூடும். ஆனால் 100/90 வாட் ஹாலஜன் வேண்டாம். லூகாஸ் சி40 டைனமோ கொடுப்பது மொத்தமே 22 ஆம்பியர். 45 வாட் பல்பு இரண்டுக்கு 7.5, பார்க்கிங், டெயில் விளக்குகளுக்கு 2.5, இக்னிஷனுக்கு 3.5, வால்வு ரேடியோவுக்கு 3.5, வைப்பருக்கு 3 என்றால் 20 ஆகிவிட்டது. 100 வாட் பல்பைப் போட்ட கணமே ஒன்பது ஆம்பியர் கூடும். அதற்குமேல் ஓடுவதெல்லாம் பேட்டரியைத் தின்றுதான் ஓடும்.

6. டைனமோவும் கட்அவுட்டும்

மோட்டார் கட்டும் ஊர் நம்முடையது என்பதால் இந்த ஒரு விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரருக்கு வசதி அதிகம். கணபதி, பீளமேடு பக்கத்தில் டைனமோவுக்குள் சுழலும் ஆர்மேச்சரைக் கட்டத் தெரிந்த கை இன்னும் இருக்கிறது. ஆனாலும் கழற்றிக்கொண்டு போகும் முன் வண்டியிலேயே சோதியுங்கள்.

டைனமோவிலிருந்து இரண்டு வயரையும் எடுத்துவிடுங்கள். பெரிய முனை டி, சிறியது எப். இரண்டையும் ஒரு சிறு வயரால் இணைத்து, அதற்கும் டைனமோ உடலுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். இன்ஜினை ஐடிலில் இருந்து மெதுவாக 1,000 சுற்று வரை ஏற்றுங்கள். வோல்டேஜ் சீராக 20 வரை ஏறினால் டைனமோ நல்லது. 20-ஐத் தாண்ட விடாதீர்கள். ஒன்றுமே இல்லை என்றால் கார்பன் பிரஷ் தொடவில்லை. ஒரு வோல்ட் அளவிலேயே நின்றால் காந்தத்தை உண்டாக்கும் பீல்டு காயிலில் கோளாறு. அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 6 ஓம் இருக்க வேண்டும். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியில் காயில் நன்றாக இருந்தும் காந்தம் செத்துப்போயிருக்கலாம். அதற்கு வயர்கள் கழன்ற நிலையிலேயே, பேட்டரியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எப் முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டுத் தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும். அவ்வளவுதான், காந்தம் ஏறிவிடும். துருவம் மாற்றிய வண்டிக்கும் இதே முறைதான்.

வைண்டிங் கடையில் கொடுக்கும்போது பழைய சுற்று எண்ணிக்கை, கம்பியின் கேஜ், கம்யூட்டேட்டரில் (கார்பன் பிரஷ் உரசும் செப்பு உருளை) எந்தக் கட்டையில் முனை சேர்கிறது என்பதை உங்கள் கண் முன் எழுதச் சொல்லுங்கள். கட்டி முடித்தபின் ஆர்மேச்சரில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கிரௌலரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்தால் செப்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா செம்போடு சமமாகிவிடும். அதை ஆக்ஸா பிளேடின் பக்கப் பல்லைத் தேய்த்து மெல்லியதாக்கி, 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீற வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலைதான். விட்டால் பிரஷ் மைக்கா மேல் குதித்து, பொறி பறந்து, ரேடியோவில் சீறல் கேட்கும்.

கட்அவுட் பாக்ஸில், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பாயின்டை மெல்லிய கார்பரண்டம் கல்லால் தேய்க்கலாம். கட்அவுட் பாயின்டுக்கு அது ஆகாது, மெல்லிய கண்ணாடித்தாள்தான். கட்அவுட் 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் மூட வேண்டும். பாக்ஸின் இ முனைக்கு நல்ல எர்த் இல்லை என்றால் ரெகுலேட்டர் வேலையே செய்யாது, வோல்டேஜ் கட்டில்லாமல் ஏறி பேட்டரி கொதிக்கும், பல்பு அடுத்தடுத்துப் போகும். பேட்டரி முனையில் 14 முதல் 14.5-க்குள் அரை மணி நேரம் நிலையாக நின்ற பிறகே அடுத்த படி.

பின்பக்கப் புஷ் துளையில் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இரண்டு மூன்று சொட்டு இன்ஜின் ஆயில் போதும். தாராளமாக ஊற்றினால் கம்யூட்டேட்டர் நனையும்.

7. ரேடியோ எந்த வகை

மேல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி வால்வுகளும், சாக்கெட்டில் சொருகிய ஒரு தகரக் குப்பியும் இருந்தால் வைப்ரேட்டர் வைத்த வால்வு செட். அந்தக் குப்பிதான் வைப்ரேட்டர். வால்வுகள் இருந்து, குப்பி இல்லாமல், பின்னால் ஒரு பெரிய பவர் டிரான்சிஸ்டர் மட்டும் இருந்தால் கலப்பு செட், 12 வோல்ட்டிலேயே ஓடும் வால்வுகள். வால்வே இல்லை என்றால் டிரான்சிஸ்டர் செட். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் ஷீட்டைத் தேடி அச்செடுத்து வையுங்கள். அது இல்லாமல் எந்தத் திருகையும் திருகக் கூடாது.

டயல் கண்ணாடியைத் தண்ணீரிலோ சோப்பிலோ கழுவாதீர்கள். எழுத்து உள்பக்கம் அச்சிட்டது, துணியோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய தூரிகை மட்டும்.

8. வால்வு செட்

உள்ளே 200 முதல் 250 வோல்ட் டி.சி. உண்டு. 12 வோல்ட் வண்டிதானே என்று கை வைக்காதீர்கள். அணைத்த பின்னும் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

கரண்ட் கொடுக்கும் முன் மாற்றியே ஆக வேண்டியது பஃபர் கண்டன்சர். டிரான்ஸ்பார்மரின் ஹை வோல்டேஜ் சுற்றுக்குக் குறுக்கே இருக்கும். வைப்ரேட்டர் கரண்டை விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டி விடுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் எழும் எதிர் வோல்டேஜை இந்தக் கண்டன்சர்தான் விழுங்குகிறது. அது கசிந்தால் வைப்ரேட்டர் பாயின்ட் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் டிரான்ஸ்பார்மர் எரியும். ரேடியோ செத்துப்போவது பெரும்பாலும் இந்தச் சங்கிலியில்தான். மதிப்பு பெரும்பாலும் 0.005 முதல் 0.01 மைக்ரோ பாரட், தாங்கும் வோல்டேஜ் 1,600. அசலில் என்ன மதிப்போ அதேதான் போட வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. 'கிட்டத்தட்ட இதேதான்' என்று 630 வோல்ட் கண்டன்சரைக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். கடையில் இல்லை என்றால் 2,000 வோல்ட் பிலிம் வகையை வரவழையுங்கள்.

அடுத்து மெழுகுக் காகிதக் கண்டன்சர்கள். கொட்டகைச் சூட்டில் மெழுகு வழிந்து கீழே சொட்டுச் சொட்டாக உறைந்திருக்கும், பார்த்தாலே தெரியும். அத்தனையையும் 630 வோல்ட் பிலிம் கண்டன்சராக மாற்றுங்கள். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போவதை முதலில். அது கசிந்தால் வால்வு சிவக்கும். மைக்கா கண்டன்சர்களைச் சும்மா விடுங்கள். எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் 20 மைக்ரோ பாரட் இருந்த இடத்தில் 22, 450 வோல்ட்.

வைப்ரேட்டர் பாயின்ட் பல வருடம் சும்மா இருந்ததில் கறுத்துப்போயிருக்கும். குப்பியின் அடி மடிப்பை மெதுவாக நெம்பித் திறந்து, பாயின்டுகளுக்கு நடுவே கெட்டிக் காகிதத்தைச் செருகி இழுத்துத் துடையுங்கள். வளைக்காதீர்கள். உயிரில்லை என்றால் டிரான்சிஸ்டர் வைத்த மாற்றுக் குப்பி கிடைக்கும். அதற்குத் துருவமும் பின் அமைப்பும் பார்த்து வாங்க வேண்டும். ரெக்டிபையர் வால்வு இல்லாத, வைப்ரேட்டரே திருத்திக் கொடுக்கும் செட்டுகள் உண்டு. அவற்றைத் துருவம் மாற்றி மாட்டினால் ஹை வோல்டேஜ் தலைகீழாக வந்து எலக்ட்ரோலிடிக் வெடிக்கும்.

முதல் ஓட்டம் மேசை மேல், ஸ்பீக்கர் மாட்டி. பேட்டரியோடு சீரிஸில் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பு. பல்பு முழுசாக எரிந்து அப்படியே நின்றால் ஷார்ட், உடனே எடுத்துவிடுங்கள். மங்கினால் நேரடியாகக் கொடுத்துப் பார்க்கலாம். 12 வோல்ட் செட் 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட் செட் 6 முதல் 8.

9. டிரான்சிஸ்டர் செட்

இங்கே துருவம்தான் உயிர். தவறினால் எச்சரிக்கையே கிடையாது. சில செட்டுகளில் பின்னால் துருவம் மாற்றும் பிளக் இருக்கும், அதை வண்டிக்கு ஏற்ப வையுங்கள். பிளக் இல்லாத பாசிட்டிவ் எர்த் செட்டை நெகட்டிவ் எர்த் வண்டியில் வைக்க ரேடியோ உடலைத் தகட்டிலிருந்து பிரித்துவிடலாம் என்பார்கள். ஏரியல் கேபிளின் உறை, நாப் தண்டு, டேஷ் திருகு என்று எங்காவது தொட்டே தீரும். தனிமைப்படுத்திய 12-க்கு 12 கன்வெர்டர் வைக்கலாம், ஆனால் அதன் இரைச்சல் மத்திய அலையில் (மீடியம் வேவ்) கேட்கும்.

21 வாட் பல்பைச் சீரிஸில் வைத்துத் தொடங்குங்கள். எலக்ட்ரோலிடிக் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே அவுட்புட் டிரான்சிஸ்டரின் ஓய்வுக் கரண்டை வைக்கும் பயாஸ் பிரீசெட்டைத் தொடலாம். ஏஎப்114 முதல் ஏஎப்117 வரை உள்ள டிரான்சிஸ்டர்கள் இருந்தால் ஒரு தெரிந்த வியாதி உண்டு. டிரான்சிஸ்டரின் உறைக்குள் வெள்ளீய மயிரிழை வளர்ந்து உள்ளே இருக்கும் கம்பிகளைத் தொட்டுவிடும். நாலு காலில் உறைக்குப் போகும் காலை மட்டும் வெட்டிவிட்டால் பெரும்பாலும் உயிர் வரும்.

இந்தப் பழைய டிரான்சிஸ்டர்கள் ஜெர்மேனியத்தில் செய்தவை, ஜெர்மேனியம் சூட்டுக்குப் பயப்படும். வெப்பம் 10 டிகிரி ஏற ஏறக் கசிவு ஏறக்குறைய இரட்டிக்கும். கரூர், ஈரோட்டு வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டேஷுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காலைக் குளிரில் வைத்த பயாஸ் மதியத்தில் எகிறி அவுட்புட் டிரான்சிஸ்டரான ஏடி149-ஐ எரிக்கும். ஆகவே செட்டை அரை மணி ஓடவிட்டு, சூடேறிய நிலையில் ஷீட்டில் சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாகவே வையுங்கள். டிரான்சிஸ்டருக்கடியில் மைக்கா தகடும் புதிய ஹீட்சிங்க் பேஸ்ட்டும் வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறிய உடனே ரேடியோ போடும் பழக்கம் வேண்டாம்.

நிலையத்தைப் பிரித்தெடுக்கும் ஐ.எப். காயிலின் பெரைட் திருகை இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் உடையும். மூங்கில் குச்சியை அதன் பள்ளத்துக்கேற்பச் செதுக்கிக்கொள்ளுங்கள்.

10. மாட்டுதலும் இரைச்சலும்

சாவிக்குப் பின் வரும் பச்சை வயரிலிருந்து கரண்ட் எடுத்து, வழியில் தனி பியூஸ்: வால்வுக்கு 5 ஆம்பியர், டிரான்சிஸ்டருக்கு 2. ஸ்பீக்கர் வயர் இரண்டும் பாடியைத் தொடக் கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு விநாடிகூடப் போடக் கூடாது.

ஏரியலுக்கு டி.வி. கேபிளைப் போடுவது எல்லோரும் செய்யும் தப்பு. அதன் கொள்திறன் அதிகம், மத்திய அலை சிக்னலைக் குடித்துவிடும். கார் ஏரியல் கேபிள்தான் வேண்டும். மாட்டியபின் 1,400 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் பலவீனமான நிலையம் ஒன்றைப் பிடித்து, ஏரியல் டிரிம்மரைச் சத்தம் உச்சமாகும் வரை திருகுங்கள்.

டயலைச் சரிபார்க்க கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸ் வசதியானது. அலைநீளத்தை மீட்டர் கணக்கில் எழுதிய டயல் என்றால் சரியாக 300-இல் முள் நிற்க வேண்டும். திருச்சி 936, அதாவது 320. மத்திய அலை ஒலிபரப்பிகள் நாடெங்கும் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு வருவதால், ஒன்றும் கேட்கவில்லை என்றதும் செட்டைப் பிரிக்காதீர்கள். அதே எண்ணுக்குச் சிக்னல் ஜெனரேட்டரை வைத்துப் பாருங்கள். செல்போன் பாட்டு கேட்க ஆசைப்பட்டால் பாட்டை ரேடியோ அலையாக மாற்றிக் கொடுக்கும், ஏரியலில் செருகும் சிறு ஏ.எம். மாடுலேட்டர் போதும். உள்ளே புளூடூத் போர்டு வைக்க அசல் சர்க்யூட்டைப் பிடுங்கி எறிந்த செட்டை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது.

இன்ஜின் ஓடும்போது டிக்டிக் என்று கேட்டால் இக்னிஷன். காயிலின் எஸ்.டபிள்யூ. முனையில் 1 மைக்ரோ பாரட் சப்ரெஸர் (இரைச்சலைத் தடுக்கும் கண்டன்சர்), பிளக்குகளுக்கு ரெசிஸ்டர் கேப். சி.பி. முனையில் வைத்தால் ஸ்பார்க் செத்துவிடும். வேகத்தோடு ஏறும் ஊளை டைனமோவுடையது. அதற்கு டைனமோவின் டி முனையில் ஒரு சப்ரெஸர். எப் முனையில் ஒருபோதும் வேண்டாம், ரெகுலேட்டர் பாயின்ட் எரியும். இரண்டும் செய்த பின்னும் இருந்தால் பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு எர்த் பட்டை போடுங்கள்.

11. ஓட்டிப் பார்த்தல்

முதலில் பகலில் அவிநாசி ரோடு போல நேர் ரோட்டில் ஒரு மணி நேரம். பிறகு நிறுத்தி, கட்அவுட் பாக்ஸ், பியூஸ், ரேடியோ பின்தகடு மூன்றையும் கையால் தொடுங்கள். பியூஸ் முனை கை வைக்க முடியாமல் சுட்டால் பிடிப்பு தளர்ந்திருக்கிறது.

அடுத்து மலை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது டைனமோவின் சுழற்சி குறைந்து, ஹெட்லைட், வைப்பர், ரேடியோ எல்லாம் பேட்டரியில் ஓடும். அம்மீட்டர் முள் வெளியேற்றப் பக்கம் சாய்ந்தே இருந்தால் ரேடியோவை அணையுங்கள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 12 முதல் 15 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதற்குமேல் போனால் இறக்கத்திலும் சார்ஜ் ஏறாது.

500 கிலோமீட்டர் ஆனதும் எல்லா எர்த் போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கி, பழைய வயரிங் கிட், எடுத்த கண்டன்சர்கள், பழைய வைப்ரேட்டர் எல்லாவற்றையும் பேர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வண்டி அடுத்தவர் கைக்குப் போகும்போது அந்த டப்பாவும் கூடவே போகட்டும்.